கையைக் கவனியுங்கள்: காட்சி நிரலாக்கக் கருவிக்குப் பயனர் கருத்துப் பெற முழுமையான வழிகாட்டி

வரிவரியாக நிரல் எழுதாமல், வண்ண பிளாக்குகளை இழுத்துப் பொருத்தியோ பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தோ நிரல் உருவாக்க உதவுபவை காட்சி நிரலாக்கக் கருவிகள். ஸ்கிராட்ச், ஆலிஸ், ஆப் இன்வென்டர், லேப்வியூ, நோட்-ரெட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பிளாக்லி போன்ற திறந்த மூல நூலகங்கள் இருப்பதால், இப்படி ஒரு கருவியைக் கட்டுவது இன்று சிறு குழுவுக்கும் எட்டுகிற வேலை. கட்டிய கருவி மற்றவர்களுக்கு விளங்குகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இவ்வகைக் கருவிகள் பார்த்தவுடன் பிடித்துப்போகும். வண்ணங்கள் இருக்கின்றன, இழுத்தால் ஒட்டிக்கொள்கிறது, பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஏதோ நகர்கிறது. யாரிடம் காட்டினாலும் "சூப்பரா இருக்கு" என்பார்கள். அந்தப் பாராட்டை வைத்து ஒரு பிளாக்கைக்கூடத் திருத்த முடியாது. பயனரின் கை எங்கே தயங்கியது, எந்த பிளாக்கைத் தவறான இடத்தில் விட்டது, எதைத் தேடி எந்தப் பட்டியலைத் திறந்தது என்பவைதான் திருத்த உதவும். எனவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதி: அபிப்பிராயம் கேட்பதற்கு முன் வேலையைக் கொடுங்கள், வேலை நடக்கும்போது கையைக் கவனியுங்கள்.

படி 1: என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள்

"எங்கள் கருவி எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் வராது. பதிலாக, ஆம் அல்லது இல்லை என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்:

• முதன்முறை திறப்பவர், யார் உதவியும் இல்லாமல் ஒரு நிரலை ஓடவைக்கிறாரா?
• "திரும்பத் திரும்பச் செய்" பிளாக்குக்கும் "என்றால்" பிளாக்குக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கை அறிகிறதா?
• முடித்த நிரலின் நடுவில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னால், மற்றதைக் கலைக்காமல் செய்கிறாரா?

கேள்விகளைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல துணை உண்டு. டி. ஆர். ஜி. கிரீனும் மரியன் பெட்ரேயும் 1996-இல் லேப்வியூ, ப்ரோகிராஃப் ஆகிய காட்சி மொழிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அது. கருவி ஒன்றை எந்தெந்தக் கோணங்களில் பார்க்க வேண்டும் என்று அவர்கள் ஒரு பட்டியல் தந்தார்கள். அதிலிருந்து தொடக்கநிலையினர் நான்கை எடுத்துக்கொண்டால் போதும்:

• சிறு மாற்றத்துக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது?
• ஒன்றை மாற்றினால் வேறெங்கோ ஒன்று மாறுவது கண்ணுக்குத் தெரிகிறதா?
• எல்லாம் தெரிவதற்கு முன்பே பயனர் ஏதாவது முடிவெடுக்க நேர்கிறதா?
• தேவையான பகுதிகளை ஒரே நேரத்தில் திரையில் பார்க்க முடிகிறதா?

முதல் கோணம் காட்சிக் கருவிகளின் பழைய பலவீனம். எழுத்து மொழியில் நடுவே ஒரு வரி சேர்த்தால் மற்ற வரிகள் தானாகக் கீழே இறங்கிவிடும். பெட்டியும் கோடும் உள்ள கருவியில் இடம் ஒதுக்க வேண்டும், கோடுகளைப் பிரித்து மறுபடி இணைக்க வேண்டும். படமாக இருந்தாலே எளிதாக இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. கிரீன், பெட்ரே, பெல்லமி ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், நிபந்தனைகள் கொண்ட நிரல்களைப் படித்துப் புரிந்துகொள்ள, எழுத்து வடிவத்தைவிடப் பட வடிவத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

படி 2: சரியான ஆட்களைக் கூப்பிடுங்கள்

கூடவே வேலை பார்க்கும் நிரலாளர்கள் எளிதில் கிடைப்பார்கள். அவர்களுக்கு மாறி, சுழற்சி, நிபந்தனை எல்லாம் முன்பே தெரியும் என்பதால், உங்கள் கருவி விளக்காமல் விட்டதை அவர்கள் மனமே நிரப்பிக்கொள்ளும். கருவி யாருக்கானதோ அவர்களையே தேடுங்கள்: பள்ளி மாணவர்களுக்கானது என்றால் மாணவர்களும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும், தொழிற்சாலைக்கானது என்றால் இயந்திரத்தின் அருகே நிற்பவர்கள்.

எத்தனை பேர் என்பதற்கு, பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: ஐந்து பேரிடம் சோதித்தால் சிக்கல்களில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிப்படும். ஒரு சிக்கலில் ஒரு பயனர் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் கருவியில் அந்த விகிதம் குறைவாக இருந்தால் ஐந்து பேர் போதமாட்டார்கள். ஆனாலும் தொடங்க இது நல்ல எண். பயனர் வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஐந்து பேர் என்று கொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளையையும் கணினி ஆசிரியரையும் ஒரே ஐவரில் சேர்க்காதீர்கள்.

முக்கியமாக, ஐவரையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டாம். இருவர், பிறகு திருத்தம், மறுபடி மூவர் என்று பிரித்தால் திருத்தம் பலித்ததா என்பதும் தெரிந்துவிடும்.

படி 3: முழுமையாகும்வரை காத்திருக்காதீர்கள்

முழுமை பெற்ற கருவியைக் காட்டினால் பார்ப்பவர் குறை சொல்லத் தயங்குவார். உங்களுக்கும் மாற்ற மனம் வராது. முதல் சோதனையைக் காகிதத்திலேயே நடத்தலாம். தடித்த அட்டையில் பிளாக்குகளை வரைந்து, வண்ணம் தீட்டி, வெட்டி மேசையில் பரப்புங்கள். பயனர் அட்டைகளை அடுக்கட்டும். குழுவில் ஒருவர் கணினியாக நடித்து, அடுக்கியதை அப்படியே நிறைவேற்றட்டும். எந்த வடிவம் எதனோடு பொருந்தும் என்று பயனர் ஊகிக்கிறார், எந்தப் பெயரைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் ஒரு வரி நிரல் எழுதும் முன்பே தெரிந்துவிடும்.

பிளாக்குகளில் தமிழ் எழுதுவதாக இருந்தால் இந்தக் காகிதச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. "என்றால்" தமிழில் நிபந்தனைக்குப் பின்னால்தான் வரும். எத்தனை முறை என்ற எண்ணோ வினைக்கு முன்னால் வரும். ஆங்கில பிளாக்கின் வரிசையில் தமிழ்ச் சொற்களைப் போட்டு நிரப்பினால் படிக்கவே வராது. அட்டையைக் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். திக்காமல் படித்தால் அந்த வரிசை சரி.

படி 4: நான்கு வகை வேலைகளைத் தயார் செய்யுங்கள்

"சும்மா பயன்படுத்திப் பாருங்கள்" என்றால் பயனர் இரண்டு பிளாக்கை இழுத்துவிட்டுச் சிரிப்பார். கீழுள்ள நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வேலை வேண்டும்.

படித்தல்: முன்பே செய்த நிரலைக் காட்டி, ஓடவிடுவதற்கு முன் "இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள்.

உருவாக்கல்: முடிவை மட்டும் காட்டுங்கள். "பூனை சுவரைத் தொட்டதும் திரும்ப வேண்டும்" என்பது போல. பிளாக்கின் மேல் எழுதியிருக்கும் சொல்லையே பணியிலும் எழுதிவிட்டால் பயனர் அந்தச் சொல்லைத் தேடி எடுப்பார்; புரிந்து எடுத்தாரா என்பது தெரியாமலே போகும்.

மாற்றுதல்: "இப்போது ஒரு முறைக்குப் பதிலாக ஐந்து முறை" என்று சொல்லுங்கள். முதல் படியில் பார்த்த மாற்ற உழைப்பு இங்கேதான் வெளிப்படும்.

பழுது பார்த்தல்: வேண்டுமென்றே ஒரு பிழையோடு நிரலைக் கொடுங்கள். பொருந்தாத பிளாக்குகள் ஒட்டவே ஒட்டாது என்பதால் ஸ்கிராட்ச் போன்ற கருவிகளில் இலக்கணப் பிழைச் செய்திக்கே இடமில்லை. அது பெரிய நன்மைதான். ஆனால் நிரல் சத்தமில்லாமல் தவறாக ஓடலாம், பயனர் அதை உணராமலே போகலாம். தவறு நடந்ததை எப்படிக் கண்டுகொண்டார், எங்கே தேடத் தொடங்கினார் என்று கவனியுங்கள்.

படி 5: அமர்வை நடத்துங்கள்

ஒருவருக்கு முக்கால் மணி நேரம் போதும். தொடங்கும்போது இப்படிச் சொல்லலாம்: "இன்றைக்கு நாங்கள் சோதிப்பது இந்தக் கருவியை, உங்களை இல்லை. எங்காவது சிக்கினால் அது கருவியின் குறை. மனசில் என்ன ஓடுகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்." இப்படி உரக்கச் சிந்திக்க வைக்கும் முறையை 1982-இல் ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். இன்றும் இது மலிவான முறைகளில் ஒன்று.

நம் ஊரில் இதில் ஒரு சங்கடம் உண்டு. செய்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அவர் செய்ததைக் குறை சொல்வது மரியாதையில்லை என்று பலர் நினைப்பார்கள். எனவே கருவியை வடிவமைத்தவர் அமர்வை நடத்த வேண்டாம். குழுவில் வேறொருவர் நடத்தட்டும். சிறுவர்கள் பெரியவர் முன்னால் வாயே திறக்கமாட்டார்கள். அவர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். "ஏய், அதை ஏன்டா அங்க போட்டே?" என்று ஒருவன் கேட்க, மற்றவன் சொல்லும் பதில்தான் உங்களுக்கு வேண்டிய விளக்கம்.

நடத்துபவருக்கு மூன்று கட்டுப்பாடுகள்:

• மவுஸைத் தொடக்கூடாது.
• "இது சரியா சார்?" என்று கேட்டால், "நான் இங்கே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.
• பயனர் திணறினாலும் ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் நகராவிட்டால் சிறு குறிப்புக் கொடுத்து, கொடுத்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

படி 6: கண்டதை மட்டும் குறியுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: நேரம், அவர் செய்தது அல்லது சொன்னது, உங்கள் ஊகம். மூன்றாவது பத்தியை அமர்வு முடிந்த பிறகே நிரப்புங்கள். "குழம்பினார்" என்பது ஊகம். "நிபந்தனை பிளாக்கை மூன்று தடவை எடுத்துத் திரும்ப வைத்தார்" என்பதே கண்டது. அனுமதி பெற்றுத் திரையைப் பதிவு செய்தால் நல்லது. காட்சிக் கருவிகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை:

• பிளாக்கைத் தூக்கி, வைக்க இடம் தெரியாமல் திரையில் சுற்றுவது
• ஒட்டியதாக நினைத்து, ஒட்டாமலே விட்டுவிடுவது
• ஒரே பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடுவது
• ஒரு பிளாக்கை எடுக்கப்போய் அதன் கீழுள்ள எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவிடுவது
• வேண்டாத பிளாக்கை எப்படி அழிப்பது என்று தேடுவது
• விளக்கக் குறிப்பு வந்ததும் படிக்காமல் மூடுவது

கடைசியில் சொன்னது பிளாக்லி குழு பட்டறிந்த பாடம். ஆசிரியர் இல்லாமலே கற்கும்படி உருவாக்கப்பட்டவை பிளாக்லி கேம்ஸ் விளையாட்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் விளக்கம் எழுதிவைத்தார்கள். பெரும்பாலான மாணவர்கள் படிக்கவில்லை. ஒரே வரியாகச் சுருக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, மஞ்சள் குமிழிக்குள் வைத்தார்கள், அப்போதும் படிக்கவில்லை. திரையை மறைக்கும் பெட்டியாகக் காட்டினார்கள். மாணவர்கள் பெட்டியை மூடிவிட்டு வழி தெரியாமல் நின்றார்கள். கடைசியில், சொன்ன செயலைச் செய்தால்தான் மறையும் பெட்டியை வைத்தார்கள். "விளக்கம் போதுமானதாக இருந்ததா?" என்று அந்த மாணவர்களிடம் கேட்டிருந்தால் பலர் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது.

படி 7: வேலை முடிந்த பிறகு கேளுங்கள்

இப்போது கேட்கலாம், ஆனால் நடந்ததைப் பற்றியே கேளுங்கள். "எங்கே நின்று யோசித்தீர்கள்?", "அந்த பிளாக்கை எடுக்கும்போது அது என்ன செய்யும் என்று நினைத்தீர்கள்?", "இதே வேலையை இதற்கு முன் எப்படிச் செய்து வந்தீர்கள்?" போன்றவை நல்ல கேள்விகள். "எளிதாக இருந்ததா?", "இனிமேல் பயன்படுத்துவீர்களா?" என்பவற்றுக்கு மரியாதைக்காக வரும் பதிலே கிடைக்கும்.

எண்ணாக ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால் ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்து வாக்கிய மதிப்பீட்டுத் தாளைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்களின் மதிப்பெண்ணில் ஒன்றைக் கழியுங்கள். இரட்டைப்படை வாக்கியங்களில், மதிப்பெண்ணை ஐந்திலிருந்து கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள். நூற்றுக்கு ஒரு எண் கிடைக்கும். பொதுவாக 68 சராசரியாகக் கொள்ளப்படுகிறது. ஐந்து பேர் தந்த எண்ணை வைத்து மற்ற கருவிகளோடு போட்டி போட வேண்டாம். உங்கள் முந்தைய பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ள ஓர் அடையாளமாக வையுங்கள்.

படி 8: நாள்பட்ட பயன்பாட்டையும் பாருங்கள்

முக்கால் மணி நேர அமர்வு முதல் சந்திப்பின் சிக்கல்களை மட்டுமே காட்டும். பெரிய நிரலைப் பாதியில் விட்டது, மூன்றாம் வாரம் சலித்துப்போனது எதுவும் அதில் தெரியாது. அதற்கு, பயனர்கள் சேமித்துவைத்த நிரல்களையே படிக்க வேண்டும்.

ஸ்கிராட்ச் குழு இதை அருமையாகச் செய்தது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகள் வந்து போகும் கணினி மன்றம் ஒன்றில், 8 முதல் 18 வயது வரையிலானவர்கள் 18 மாதங்களில் செய்த 536 நிரல்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். அங்கே பாடம் நடத்த ஆளில்லை. பிள்ளைகள் தாமாகவே எந்தக் கருத்துகளை எடுத்துக்கொண்டார்கள், எவற்றை அதிகம் தொடவில்லை என்பதை அந்த நிரல்களே சொல்லின.

உங்களிடம் ஐம்பது நிரல்கள் இருந்தாலும் இதைச் செய்யலாம். எந்த பிளாக் ஒருமுறைகூடப் பயன்படவில்லை? எதோடும் இணையாமல் அநாதையாகக் கிடக்கும் பிளாக்குகள் எத்தனை? சுழற்சிக்குப் பதிலாக ஒரே பிளாக்கைப் பத்து முறை அடுக்கியவர்கள் யார்? இந்த மூன்று கேள்விகளே பல திருத்தங்களுக்கு வழி காட்டும்.

படி 9: வகைப்படுத்தி முடிவெடுங்கள்

ஒவ்வொரு கண்டறிதலையும் ஒரு சீட்டில் எழுதி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வேலையை நிறுத்தியவை, தாமதப்படுத்தியவை, எரிச்சலூட்டியவை. முதல் குவியலில் ஒரே ஒருவருக்கு நேர்ந்ததும் முக்கியம். மூன்றாவதில் பலருக்கு நேர்ந்தவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

பயனர் கேட்கும் வசதியை அப்படியே கட்டிவிடாதீர்கள். "தேடும் பெட்டி வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், பிளாக் கண்ணில் படவில்லை என்பதே செய்தி. அதற்குத் தீர்வு தேடும் பெட்டியாக இருக்கலாம். பட்டியலின் பிரிவை மாற்றினாலும் போதுமானதாக இருக்கலாம்.

இரண்டு உண்மைத் திருத்தங்களைப் பாருங்கள். நிபந்தனையையும் சுழற்சியையும் பல கருவிகள் ஒரே பிரிவில், ஒரே வடிவில், ஒரே வண்ணத்தில் வைத்திருக்கின்றன. புதியவர்கள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடுகிறார்கள். எனவே இரண்டையும் தனிப் பிரிவாக, தனி வண்ணத்தில் வையுங்கள் என்று பிளாக்லி குழு பரிந்துரைக்கிறது. ராண்டி பாஷ் தலைமையில் உருவான ஆலிஸ் என்னும் முப்பரிமாணக் கருவியின் தொடக்கப் பதிப்புகள் பைத்தான் மொழியை அடிப்படையாகக் கொண்டவை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் புதியவர்கள் விழுந்துகொண்டே இருந்ததையும், ஒன்றை இரண்டால் வகுத்தால் பூஜ்யம் வருவது அவர்களைத் திகைக்க வைத்ததையும் பார்த்து, அந்தக் குழு மொழியின் நடத்தையையே மாற்றியது. இரண்டு இடத்திலும் கூடுதல் விளக்கம் எழுதித் தப்பிக்க யாரும் முயலவில்லை. தடுக்கிய இடத்தையே சீராக்கினார்கள்.

படி 10: திருத்தி, மறுபடி புதியவர்களிடம் காட்டுங்கள்

பழைய பயனருக்கு உங்கள் கருவி பழகிவிட்டது. திருத்தம் பலித்ததா என்று அறிய, இதுவரை பார்க்காதவர்களை அழையுங்கள். அதே வேலைகளைக் கொடுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். முன்பு உதவியவர்களை மறந்துவிட வேண்டாம். "நீங்கள் சிக்கிய இடத்தை இப்படி மாற்றியிருக்கிறோம்" என்று ஒரு வரி அனுப்பினால், அடுத்த முறை அவர்கள் இன்னும் மனம் திறப்பார்கள்.

சிறுவர்களைச் சோதனைக்கு அழைக்கும் முன்

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளி முதல்வர் சம்மதித்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: என்ன பதிவாகும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும். முகத்தைப் பதிவு செய்ய வேண்டாம். திரையும் கையும் போதும். பிள்ளை விரும்பினால் பாதியில் எழுந்து போகலாம் என்பதைத் தொடங்கும் முன்பே அதனிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் வாரத்துக்கு ஒரு திட்டம்

திங்கள்: மூன்று கேள்விகளை எழுதுங்கள்.
செவ்வாய்: நான்கு வேலைகளையும் தயார் செய்து, குழுவுக்குள்ளேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.
புதன்: இருவருடன் அமர்வு.
வியாழன்: சீட்டுகளைக் குவியலாகப் பிரித்து, முதல் குவியலில் இரண்டை மட்டும் திருத்துங்கள்.
வெள்ளி: புதிய மூவருடன் அமர்வு.

இதை எப்போது நிறுத்தலாம்? புதிதாக வரும் பயனர்கள் எல்லோரும் உங்களுக்கு முன்பே தெரிந்த சிக்கல்களிலேயே மாட்டிக்கொண்டால், இப்போதைக்குச் சோதனையை நிறுத்திவிட்டுத் திருத்தத்தில் இறங்குங்கள். புதிய பிளாக் வகை ஒன்றைச் சேர்த்த அன்றோ, கருவி புதிய வயதினரிடம் போகும்போதோ, முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.